பாதாளத் தவளையும் என் பட்டா நிலமும்

கூடலூருக்கு மேற்கே காட்டை ஒட்டி எனக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. பட்டா என் பேரில்தான். ஆனாலும் பயம். அபூர்வமான பிராணி இருப்பதாகத் தெரிந்தால், குழி வெட்டாதே, தண்ணீர் திருப்பாதே என்று வனத்துறை ஆட்கள் ஜீப்பில் வந்து நிற்பார்கள். அதனால் எங்கள் பக்கம் தோட்டத்தில் மிளா மான் மேய்ந்தாலும் வெளியே சொல்லமாட்டோம்.

போன வருஷம், கோடை மழைக்கு மறுநாள், தென்னங்கன்றுக்குக் குழி வெட்டினேன். மண்ணோடு ஒரு தவளை வந்தது. உப்பிய உடம்பு, கத்தரிக்காய் நிறம், பன்றிக்கு இருப்பது போல மூக்கு. மலையாளத்து ஆட்கள் பாதாளத் தவளை என்பார்கள். மண்ணுக்குள்ளேயே கிடந்து மழைக்கு மட்டும் வெளியே வருமாம்.

மூடிவிட நினைத்தேன். சோறு கொண்டுவந்த மகள் அதற்குள் பார்த்துவிட்டாள். அவள் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து தம்பியும் வந்தான். அவன் ஜெப சபைக்குப் போகிறவன்; எல்லாம் கடவுள் படைத்தபடியேதான் இருக்கிறது என்பான். இருவரும் போனில் படம் எடுத்தார்கள்.

"டைனோசர் காலத்து வம்சம்ப்பா இது. உயிருள்ள புதைபடிவம்னு சொல்லுவாக" என்றாள் மகள்.

தம்பி பிடித்துக்கொண்டான். "அப்ப அன்னைக்கில இருந்து மாறவே இல்லைல? எல்லாம் மாறி மாறி வந்துச்சுன்னு உங்க காலேஜுல சொன்னாகளே, இது ஏன் ஆத்தா மாறலை?"

"வெளி உருவந்தான் சித்தப்பா அப்படியே இருக்கு. உள்ளுக்குள்ள மாறிக்கிட்டுத்தான் இருக்கும். மண்ணுக்குள்ள கறையானைத் தின்னுட்டு நல்லாத்தான கெடக்கு, உருவம் எதுக்கு மாறணும்?"

"மாறுனதுக்கும் ஒரு காரணம், மாறாததுக்கும் ஒரு காரணம். நல்ல படிப்புதான் போ!"

"தாத்தா கட்டுன மாதிரியேதான் நீங்களும் வேட்டி கட்டுறீக. அதுக்காக ஊருல ஒருத்தரும் பேண்ட் போடலையா?"

தம்பி சிரித்துவிட்டான். "உங்க ஆத்தா வாயி உனக்கு அப்படியே மாறாம வந்திருக்கு."

யார் சொன்னது சரி என்று எனக்குத் தெரியவில்லை. நான் போன்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கல்லூரியில் காட்டுவாள், அவன் சபையில் காட்டுவான். யார் ஜெயித்தாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்.

"ரெண்டு பேரும் படத்தை அழிங்க. எங்கன எடுத்ததுன்னு கேப்பாக. என்ன சொல்லுவீக?"

மகள் முகம் வாடிப்போனது. "நம்ம எடத்துல இருக்குன்னு யாருக்குமே தெரியாமப் போயிரும்ப்பா."

"போகட்டும்."

என் கண் முன்னாலேயே அழித்தாள். தம்பி, "அழிச்சிட்டேண்ணே" என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். காட்டவில்லை. நானும் காட்டச் சொல்லவில்லை. கூடப் பிறந்தவன்.

இதற்குள் தவளை பின்னங்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே உள்ளே போய்விட்டது. அந்தக் குழியை மூடிவிட்டுக் கன்றைச் சற்றுத் தள்ளி வேறு குழியில் வைத்தேன்.

அழித்த படமும் கொஞ்ச நாள் போனுக்குள் வேறொரு இடத்தில் கிடக்கும் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். மகளிடம் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லுவாள். தம்பியிடமும் கேட்கவில்லை. ரோட்டில் ஜீப் வேகம் குறைந்தால் வேலையை நிறுத்திவிட்டு, அது போகிறதா நிற்கிறதா என்று பார்க்கிறேன்.