பெயர் தெரியாத கருவி

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு வியாதி உண்டு. எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அது தன் சொல்பேச்சுக் கேட்கும் என்று நினைத்துவிடுவார். மிக்சி, தையல் மெஷின், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் என்று அவர் கையில் பிரிந்து சேராதது எதுவும் இல்லை. சேர்த்து முடித்த பிறகு ஒன்றிரண்டு திருகாணி மிஞ்சும். "கம்பெனிக்காரன் தேவையில்லாமப் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விடுவார்.

அப்படிப்பட்டவரிடம் போய், தன் வீட்டு வைஃபையை மாடிவீட்டுக்காரன் மாதக்கணக்கில் ஓசியில் ஓட்டிய கதையைச் சொன்னார் கூட வேலை பார்ப்பவர். ரவுட்டர் மென்பொருள் என்று ஒன்று காசில்லாமல் கிடைக்கிறதாம். பழைய கம்ப்யூட்டரில் அதை ஏற்றிவிட்டால், வீட்டுக்கு வரும் இணையமெல்லாம் அதன் வழியாகத்தான் போய் வருமாம். அதிலேயே இருக்கும் ஃபயர்வால், வேண்டியவரை விட்டு வேண்டாதவரைத் தடுக்குமாம். கேட்டதிலிருந்து நம்மவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்து கூடத்து மேஜையில் இறக்கினார்.

மனைவி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு வேறு கவலை. கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வக்கீல் பேசி வாயை மூடுவதற்குள் இவள் அடித்து முடித்திருப்பாளாம். இப்போது, ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் தரும் நிறுவனம் ஒன்று வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு ஆள் எடுத்தது. அதற்கு இணையத்தில் ஒரு தேர்வு. ஆரம்பித்துவிட்டால் இடையில் நிறுத்த முடியாது. தவறினால் அடுத்த வருஷம்தான். தங்கை தன் பழைய டேப்லெட்டையும் குட்டிக் கீபோர்டையும் கொடுத்திருந்தாள். வீட்டுக்காரரும் மகனும் வேலைக்குப் போனதும், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு படுக்கையறையில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தாள்.

அவரிடம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்பு, விருந்தாளிகள் இருக்கும்போது, மறுபடியும் டைப் வேலைக்குப் போகலாமா என்று பேச்சுவாக்கில் கேட்டாள். "இவ டைப் அடிச்சா, அந்த ஆபீஸே ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்ட் மாதிரி ஆயிடும்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவர் அந்தப் பேச்சை அன்றைக்கே மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை என்பது பின்னால்தான் அவருக்குத் தெரிந்தது.

மென்பொருள் லேசில் மசியவில்லை. பென்டிரைவில் ஏற்றி, திரை கேட்ட கேள்விக்கெல்லாம் குத்துமதிப்பாகப் பதில் தட்டினார். கம்ப்யூட்டரில் கேபிள் செருகும் துளை இரண்டு. ஒன்று வெளியிலிருந்து இணையம் வருவதற்கு, மற்றது வைஃபை பெட்டி வழியாக வீட்டுக்குள் கொடுப்பதற்கு. இவர் இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டு, மென்பொருள் எழுதியவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார். அந்த வாரம் பூராவும் சாயங்காலமானால் வீட்டில் நெட் இல்லை. "அப்பா, பழைய ரவுட்டர் டப்பாவே தேவலை" என்று மகன் புலம்பினான். கடைசியில் கேபிளை மாற்றிப் பார்த்தார். நெட் வந்தது. மனிதருக்கு வாயெல்லாம் பல்.

தேர்வுக்கு முந்தின நாள் அவள் கூடத்துக்கு வந்து நின்றாள்.

"என்னங்க, நாளைக்குக் காலைல நெட்டு நிக்காம இருக்குமா?"

"நிக்கிறதா? இனிமே அது என் கையில இருக்கு. நான் சொன்னாத்தான் நிக்கும்."

"இல்லீங்க, கொஞ்ச நேரம் தொந்தரவு இல்லாம வேணும்."

"தாராளமா பாரேன். யாரு வேணாம்னா?"

எதற்கு என்று கேட்கவில்லை. ஏதோ சீரியல் பார்க்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவளும் சொல்லத்தான் வந்து நின்றாளோ என்னவோ. அதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

மறுநாள் விடுமுறை. மகன் வெளியே போயிருந்தான். அவள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் தேநீரும் கையுமாக லேப்டாப்பில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தார். வீட்டு இணையத்தில் எந்தெந்தக் கருவி வந்து போகிறது என்று அதில் தெரியும். தன் போன், மனைவியின் போன், மகனின் போன், டிவி, லேப்டாப், எல்லாவற்றையும் அடையாளம் கண்டுபிடித்துப் பெயர் போட்டார். ஒன்று மட்டும் மிஞ்சியது. பெயர் இல்லை, எழுத்தும் எண்ணுமாக ஏதோ கிறுக்கல்.

மகனுக்குப் போன் போட்டார். "பழைய போன் எதையாவது வைஃபைல போட்டு வெச்சிருக்கியாடா?"

"இல்லப்பா."

எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, அங்கிருந்த ஆசிரியரிடம் சிரித்துக்கொண்டே துப்புத் துலக்கிப் பார்த்தார். அவர் பேந்தப் பேந்த விழித்தார். படுக்கையறைக் கதவை மட்டும் இவர் தட்டவில்லை. அவளுக்கு என்ன தெரியும் என்கிற நினைப்புத்தான். கேட்கத் தோன்றாதது பெரிய தப்பா என்றால், பெரிய தப்புதான்.

திரும்பி வந்து பார்த்தால் அந்தப் பெயரில்லாத கருவி மளமளவென்று இணையத்தை இழுத்துக்கொண்டிருந்தது. "மாட்டினியா!" என்றார். தடுக்கும் விதி ஒன்றை எழுதி, பட்டியலின் உச்சியில் வைத்து, அமல்படுத்தும் பொத்தானை அழுத்தினார். இழுப்பு நின்றது.

"ஏய், இங்க ஓடி வா! திருடனைப் பிடிச்சிட்டேன்!"

கதவு திறந்தது. அவள் வந்து நின்றாள். கழுத்தில் இயர்போன் தொங்கியது. கையில் டேப்லெட் இருந்தது. அதன் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"போச்சுங்க" என்றாள். "பரீட்சை எழுதிட்டிருந்தேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன பரீட்சை?" என்று கேட்டுக்கொண்டே விதியை நீக்கப் போனார். அவசரத்தில், நீக்குவதற்குப் பதிலாக அதை எல்லாக் கருவிக்கும் பொருந்தும்படி மாற்றி அழுத்திவிட்டார். இப்போது அவருடைய லேப்டாப்பையே ரவுட்டர் உள்ளே விடவில்லை. தான் கட்டிய காவலுக்கு வெளியே தானே நின்றார். மேஜைக்கு அடியில் தவழ்ந்து கேபிள்களைப் பிடுங்கி, பரணிலிருந்து பழைய டப்பாவை இறக்கி மாட்டி, அதன் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. இணையம் திரும்பியபோது, நேரம் முடிந்துவிட்டது என்று டேப்லெட்டில் எழுதியிருந்தது. அவள் அதை ஒருமுறை படித்தாள். பிறகு கீபோர்டை மடித்து உறைக்குள் போட்டாள்.

லிஃப்டில் கை வைப்பவர்களுக்கு முதல் பாடம் ஒன்றுதான். மெயினை அணைப்பதற்கு முன்னால் கதவைத் தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷத்தில், எந்தக் கட்டடத்திலும், அவர் அதைத் தவறவிட்டதே இல்லை. எத்தனையோ முன்பின் தெரியாத மனிதர்களுக்குக் கொடுத்த குரலைத் தன் வீட்டில் கொடுக்காமல் போனோமே என்று மாய்ந்து போனார்.

அந்த நிறுவனத்துக்குத் தானே போன் செய்து, தப்பு என்னுடையது, அவங்களுக்கு இன்னொரு தடவை கொடுங்க என்று கெஞ்சினார். எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகவே மறுத்தார். அன்று சாயங்காலம் அவளிடம், "ஏன்மா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டார். "சொன்னா சிரிப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அப்போதுதான் அந்த லிஃப்ட் ஜோக் அவருக்கு ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதன் பிறகு கம்ப்யூட்டரை மூட்டைகட்டிவிடவில்லை. வீம்புக்காக இல்லை, பரிகாரமாக. பொறுமையாக உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். அவளுடைய டேப்லெட்டுக்கு அவள் பெயரைப் போட்டு, வீட்டில் யார் எதைப் பார்த்தாலும் அதற்குத்தான் முதல் வழி என்று விதி எழுதினார். அதை அவளிடம் காட்டினார். "நல்லா இருக்குங்க" என்றாள். அவள் பழகுவதை விடவில்லை. இவரும் அந்த நேரத்தில் சத்தம் கேட்கக் கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் மனிதராகிவிட்டார்.

அடுத்த வருஷம் தேர்வு வந்தது. அன்று காலை அவள் டேப்லெட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கம்மா?"

"தங்கச்சி வீட்டுக்கு. அங்கேயிருந்து எழுதறேன்."

"இங்கேயே எழுதேன். நான் எதையும் தொடமாட்டேன், சத்தியமா. வேணும்னா நான் வெளில போயிடறேன்."

அவள் முகத்தில் கோபமே இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க தொடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியுங்க. ஆனா இங்க உட்கார்ந்தா என் காது பரீட்சைல வர்ற பேச்சைக் கேக்காது. நீங்க எங்க இருக்கீங்கன்னுதான் கேட்டுட்டிருக்கும்."

அவர் பஸ் நிறுத்தம்வரை அவளுடைய பையைச் சுமந்துகொண்டு போய், பஸ் வந்ததும் கொடுத்துவிட்டு வந்தார்.