மலகாவில் கடலில் இறங்கிய ஜெசிந்தா

மெட்ரோவில் வந்துகொண்டிருந்தபோது ஜெசிந்தா நர்ஸாக வேலை பார்க்கும் வார்டிலிருந்து மேரி போன் செய்தாள். "ரீத்தா, ஜெசிந்தா போயிட்டா." "எங்கட்டி போனா?" என்று கேட்டேன். காலையில் என் டிபன் டப்பாவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு டூட்டிக்குப் போனவள், வேறெங்கே போவாள்? மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். நோயாளி ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பியவள் அப்படியே சரிந்திருக்கிறாள். கண் திறக்கவேயில்லை.

இங்கே வளைகுடாவில், கராமாவிலுள்ள எங்கள் அறைக்கு வந்து போன நம் குழுவினர் உங்கள் எல்லோருக்கும் அவள் வாய் தெரியும். அவள் பிடிவாதம் எனக்குத்தான் முழுசாகத் தெரியும். அவள் கணவர் சேவியர் தம்மாம் துறைமுகத்தில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவர். ஒருமுறை போன படகு திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காவிட்டாலும் ஆன்மாவுக்குப் பூசை வைத்து அடக்கத்தை முடித்துக்கொள்வது எங்கள் கரை வழக்கம். இவள் மறுத்துவிட்டாள். ஆண்டுதோறும் அவர் பெயருக்கு, உயிரோடு இருப்பவர்களுக்கு வைக்கும் நலத்துக்கான பூசைதான் வைத்தாள். யாராவது "மறைந்த சேவியர்" என்று சொல்லிவிட்டால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிடுவாள். லீவு நாளில் நாங்கள் பீச்சுக்குக் கிளம்பினால் வரமாட்டாள். "கடலுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஸ்பெயினுக்கு, அதுவும் மலகா என்ற கடற்கரை நகரத்துக்கு, முதியோர் பராமரிப்பு படிக்கக் கிளம்பினாள். "இந்த வயசுல பள்ளிக்கூடமாட்டி?" என்று திட்டினேன். "நாளைக்கு நீ கிழவியானா பாக்க ஆள் வேணும்லா?" என்றாள். அங்கேயும் கடல் தெரியாத அறையாகப் பார்த்துத்தான் எடுத்தாள்.

கோடையில் கார்மேல் மாதா திருவிழா வந்தது. பேண்டு சத்தம் கேட்டுத் தெருவுக்கு வந்திருக்கிறாள். மீனவர்கள் தோளில் மாதா. நம் ஊர்ச் சப்பரத்தைப் பார்த்த மாதிரி இருந்திருக்கும் போல. கடைக்கு ஓடி உப்பும் மிளகும் வாங்கிவந்து மாதா சுரூபத்தின் மேல் எறிந்துவிட்டாள்! அதுவும் முழு மிளகு கிடைக்காமல் மிளகுத்தூள். முன்னால் நின்ற ஒரு கிழவி விடாமல் தும்ம, காவலர் ஒருவர் இவள் கையைப் பிடித்துக்கொண்டார். கூடப் படிக்கும் பிள்ளைகள் வந்து, இது இவள் ஊர் வழக்கம் என்று சொல்லி மீட்டார்கள். போனில் இதைச் சொல்லிச் சிரித்தவள், பிறகுதான் மீதியைச் சொன்னாள்.

மாதாவைப் படகில் ஏற்றியதும், கடலிலிருந்து திரும்பாதவர்களின் பெயரைச் சொல்லிக் கரையில் நின்றவர்கள் தண்ணீரில் பூப் போட்டார்களாம். தும்மிய கிழவியே இவள் கையிலும் ஒரு பூவைத் திணித்தாளாம். "முட்டளவு தண்ணில எறங்கிட்டேன், ரீத்தா. சேவியர்னு சொன்னேன். செத்தவுக பேரோட பேராச் சொல்லிட்டேன்."

அன்று மாலை கடற்கரையில் அந்தப் பிள்ளைகளோடு அவள் ஆடிய வீடியோ நம் குழுவில் வந்தது. பாவாடை முழங்கால்வரை நனைந்திருக்க, முகமெல்லாம் சிரிப்பு. "புருசனைப் பறிகொடுத்தவளுக்கு ஆட்டம் கேக்குதோ?" என்று பலர் பேசினார்கள். உங்களில் சிலரும்தான். அவர்களோடு சண்டை போட்டுவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். கோபப்படவில்லை. "பறிகொடுத்தேன்னு இன்னைக்குத்தானட்டி ஒத்துக்கிட்டேன். அழுதேன், ஆடுனேன். ரெண்டும் அவுகளுக்குத்தான்" என்றாள்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக சேவியரின் ஆன்மாவுக்குப் பூசை வைத்தாள். அதன் பிறகு அவரைப் பற்றி ஓயாமல் பேசினாள். அவர் குறட்டையைக்கூட நடித்துக் காட்டுவாள். எங்களோடு பீச்சுக்கும் வந்தாள்.

உடலை ஊருக்கு அனுப்பிவிட்டு, பூசைக்குச் சொல்லக் கோயிலுக்குப் போனேன். பூசைக்குப் பெயர் எழுதும் உபதேசியார் கேட்டார், "நலத்துக்கா, ஆன்மாவுக்கா?" நலத்துக்கு என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. இத்தனை வருடம் அவள் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தாள் என்பது அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. "ஆன்மாவுக்கு" என்றேன். "பேரு?" என்றார். "சேவியர், ஜெசிந்தா" என்றேன்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது "ஆன்மாவுக்கு" என்று சொல்லும் தைரியம் ஒன்றுதான். வெளியே வந்து, பார்க்கிங்கில் நின்று வாய்விட்டு அழுதேன். ஆட மட்டும் இன்னும் முடியலட்டி, ஜெசிந்தா.