நாலாம் நம்பர் ராணிக்கு மேக்கப் போட்டவள்

1. பத்துப் பெண்கள்

திண்டுக்கல்லில் நாடக டிரஸ் வாடகைக்கு விடும் ஒரு கடையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் ஓனர் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"இதுக்குள்ள பத்துப் பொம்பளைங்க இருக்காங்க. யார் யாருன்னு சொல்லு பாப்போம்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சேலையையும் கவுனையும் புரட்டிப் பார்த்துவிட்டு முழித்தேன். அவர் சிரித்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். அது 'பெண் தலைவர்கள் செட்'. பள்ளி ஆண்டு விழா, மகளிர் தினம் என்றால் பத்துப் பிள்ளைகள் வரிசையாக மேடையேறி, உலகத்தை மாற்றிய பெண்கள் என்று ஆளுக்கு மூன்று வரி பேசுவார்கள். பேச்சுச் சீட்டும் கடையிலிருந்தே போகும். எழுதியது ஓனர்தான்.

ஒன்றாம் நம்பர், முன்மயிரில் நரை வைத்த பிரதமர். இரண்டு, நீலக்கரைச் சேலை கட்டிய கன்னியாஸ்திரி. மூன்று, விளக்குப் பிடித்த நர்ஸம்மா. நாலு, நம்ம விருப்பாச்சிப் பக்கம் மறைந்திருந்து படை திரட்டிப் போய் வெள்ளைக்காரனிடமிருந்து சீமையை மீட்ட ராணி. இப்படியே பத்து வரைக்கும். எனக்கு அவர்களுடைய சரித்திரம் தெரியாது. இடுப்பளவு தெரியும். நர்ஸம்மா கவுனும் விஞ்ஞானி அம்மா கவுனும் ஒரே அளவு. மாற்றிக் கொடுத்தாலும் எந்த ஹெட்மாஸ்டரும் கண்டுபிடித்ததில்லை.

கடையில் ஒரு கண்டிப்பு இருந்தது. விழாவுக்குப் போய் வந்த சாமான்களை மறுநாள் காலையில் முதல் வேலையாகச் சுத்தம் செய்ய வேண்டும். துணியெல்லாம் சோப்புத் தண்ணீரில். கிரீடம், கத்தி, கேடயம் ஆகிய தகரச் சாமான்களைத் துரு ஏறாமல் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். அதை முடிக்காமல் டீ குடிக்கக் கூடாது. பத்துப் பன்னிரண்டு வருடம் செய்து அந்த வேலை என் கைக்கே பழகிவிட்டது. கண் பார்க்க வேண்டியதில்லை.

2. மில் ஆர்டர்

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்களுக்குப் புது வாடிக்கை ஒன்று கிடைத்தது. ஊருக்கு வெளியே ஒரு நூற்பாலை. மூன்று வருட ஒப்பந்தத்தில் வயசுப் பிள்ளைகளை ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்குவார்கள். முடிக்கும்போது கல்யாணத்துக்கு என்று ஒரு தொகை. மகளிர் தினத்துக்கு வெளியிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள், பத்து டிரஸ்ஸும் மேக்கப்பும் வேண்டும் என்றார்கள். ஆண்களை ஹாஸ்டலுக்குள் விடமாட்டார்கள் என்பதால் நான் மட்டும் போனேன்.

நாலாம் நம்பருக்கு வந்தவள் பெயர் பாண்டீஸ்வரி. நத்தம் பக்கம். பதினாறு என்றாள், பதினாலுக்கு மேல் இருக்காது. தைப்பொங்கல் முடிந்து வந்தவள். ரவிக்கையைப் பின்னால் எவ்வளவு பிடித்துக் குத்தினாலும் தொளதொளவென்று நின்றது. பவுடர் போடும்போது மூச்சு இழுத்தது.

"ஏன் புள்ள, சளியா?"

"பஞ்சுத் தூசிக்கா. மூணு வாரமா இப்பிடித்தேன். ராத்திரி படுக்க முடியல. சொன்னா மாத்திரை குடுத்து ஷிப்டுக்கு அனுப்புறாக."

வார்டன் மேடம் அடுத்த அறைக்குப் போனதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, எங்கம்மாவுக்கு ஒரு போன் மட்டும் போட்டுருங்கக்கா. வீட்டுக்குப் பக்கத்துக் கடையில போன் இருக்கு, நம்பர் சொல்றேன். மாசத்துக்கு ஒருக்கா பேச விடுறாக, ஆனா மேடம் பக்கத்துலயே நிக்கிறாக. அம்மா கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு அடிக்கடி வந்து பாக்கவும் முடியாது. எனக்கு மூச்சு முட்டுது, வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அம்புட்டுத்தேன்."

எதில் எழுதுவது? பேச்சுச் சீட்டை மேடம் திருப்பி வாங்கிக்கொள்வார். கையில் எழுதினால் கிரீமில் போய்விடும். புருவம் தீட்டும் மைப் பென்சிலை எடுத்து, ராணியின் தகரக் கேடயத்தின் உள்பக்கம் அவள் சொன்ன நம்பரை எழுதிக்கொண்டேன். எழுதி முடிப்பதற்குள் மேடம் வந்துவிட்டார். கண்டிப்பாகப் பேசுகிறேன் என்று கண்ணாலேயே சொன்னேன். அவள் மேடையில் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என் மண்ணை மீட்காமல் ஓயமாட்டேன்" என்று பேசினாள். பாதியில் இருமல் வந்தது. கைதட்டினார்கள்.

3. மறுநாள் காலை

கடைக்கு எதிரிலேயே ஒரு ரூபாய் போன் இருந்தது. அன்று சாயங்காலமே பேசியிருக்கலாம். பேசவில்லை. அசதி என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஓனரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் முகம் மாறியது.

"நமக்கெதுக்கும்மா அந்தச் சோலி? நீ போன் போட்டன்னு மில்லுக்குத் தெரிஞ்சா அடுத்த ஆர்டர் வருமா? பேசாம இரு."

பயந்துவிட்டேன். காலையில் அவர் வருவதற்கு முன்னால் பேசிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

காலையில் கடையைத் திறந்தேன். துணிகளை ஊறப்போட்டேன். பெட்டியிலிருந்து கிரீடத்தை எடுத்துத் துடைத்தேன், கத்தியைத் துடைத்தேன், கேடயத்தை முன்னும் பின்னும் துடைத்தேன். மைப் பென்சில் எண்ணெய் பட்டால் நிற்குமா? மூலையில் கவிழ்த்துவிட்டு, சில்லறையை எடுத்துக்கொண்டு போனுக்குப் போய் நின்ற பிறகுதான் நம்பர் எங்கே என்று யோசித்தேன். ஓடிவந்து கேடயத்தைப் புரட்டினேன், உள்பக்கம் எண்ணெய் மட்டும் மினுங்கியது.

முதல் இரண்டு எண்களைத் தவிர எதுவும் ஞாபகம் வரவில்லை. நத்தம் பக்கம் என்பதைத் தவிர, ஊர்ப் பெயரையும் நான் கேட்டிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முறுக்குப் பொட்டலம் வாங்கிக்கொண்டு மில் கேட்டுக்குப் போனேன்.

"நீ அந்தப் புள்ளைக்கு என்ன வேணும்?" என்றான் வாட்ச்மேன்.

"மேக்கப் போட்டவ."

அவன் சிரித்தான். "பெத்தவுகளுக்கே கார்டு இருந்தாத்தேன் விடுவோம். பொட்டலத்த வேணா குடு, சேத்துர்றேன்."

சேர்த்தானோ தின்றானோ தெரியாது.

4. ஆகஸ்ட்

சுதந்திர தினத்துக்கு அதே மில்லிலிருந்து மறுபடி ஆர்டர். அவள் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். இருந்தாள். நாலாம் நம்பருக்கே வந்து உட்கார்ந்தாள். கன்னம் இன்னும் ஒட்டியிருந்தது. மேடம் திரும்பியதும் கேட்டாள்.

"போன் போட்டீங்களாக்கா?"

பொட்டு வைக்கப் போன என் விரல் நின்றது. மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அழித்துவிட்டேன் என்று சொல்லவும் வரவில்லை. அஞ்சு மாதம் அவள் என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறாள்.

"போட்டேன்மா. அம்மாகிட்டச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னுச்சு?"

"சரின்னு சொன்னாங்க."



"அப்ப தெரிஞ்சும் வரலையா?"

நம்பரை மறுபடி கேட்கலாம் என்று தோன்றியது. கேட்டால் பொய் உடைந்துவிடும். கேட்கவில்லை. அவள் முகத்தை நிமிர்த்திக் காட்டினாள், நான் பொட்டு வைத்தேன். அன்று மேடையில் இருமாமல் பேசினாள்.

அடுத்த மகளிர் தினத்துக்குப் போனபோது ராணி வேஷத்துக்கு வேறொரு பிள்ளை வந்தது. பாண்டீஸ்வரி எங்கே என்று கேட்டேன்.

"ஸ்பின்னிங்கில நிக்கிறாக்கா. இதுக்கெல்லாம் வரமாட்டேன்னுட்டா. தீபாவளிக்குக்கூட ஊருக்குப் போகல. ஓவர்டைம் பாக்குறேன்னு எழுதிக் குடுத்துட்டா. தீபாவளிக்கு வரலையேன்னு அவுகம்மா கைப்பிள்ளையோட கூட்டிட்டுப் போக வந்துச்சு. பாக்க மாட்டேன்னுட்டா. காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் அந்தம்மா கேட்டுலயே நின்னுட்டுப் போச்சு."

அதற்குப் பிறகு அந்த மில்லுக்கு நான் போகவில்லை. ஓனர் திட்டினார், திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பெண்களிடம் மேக்கப் நுணுக்கம் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அதையெல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். ஒன்றை மட்டும் கேளுங்கள். நாற்காலியில் உட்காரும் பிள்ளை உங்களை நம்பித்தான் முகத்தைக் கொடுக்கிறது, சில நேரம் அதற்கு மேலும் கொடுக்கிறது. வாங்கிக்கொண்டதைச் செய்ய முடியாமல் போனால் முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள். அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் என்னைத்தான் வெறுத்திருப்பாள். இப்போது ஒரு தாய், தான் செய்த குற்றம் என்ன என்றே தெரியாமல், கைப்பிள்ளையோடு பஸ் ஏறித் திரும்பிப் போயிருக்கிறாள்.