அத்தான் அழிக்கச் சொன்ன ஆத்தங்கரை வீடு

எங்க அக்கா வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் நல்லாத் தெரியும்னு எங்க வீட்ல எல்லாருக்கும் ஒரு நினைப்பு. அந்த நினைப்ப உண்டாக்கி விட்டதே அவர்தான். கல்யாணத்துக்கு முன்னாடி மதுரை டவுனுக்குள்ள ஏதோ ஒரு சென்டர்ல கோர்ஸ் படிச்சாராம். அந்த சர்டிபிகேட்டுக்கு பிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருந்துச்சு. நான் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ்ல டிகிரி முடிச்சவ. என் சர்டிபிகேட் பீரோவுல பழைய சேலைக்கு அடியில கெடந்துச்சு. அதப் பத்தி ஒருத்தரும் கேட்டதில்ல.

கம்ப்யூட்டர் என் படிப்புக்காக அப்பா வாங்குனது. படிப்பு முடிஞ்சதும் வேலைக்கு அனுப்பல. வரன் பார்க்குறோம், வீட்ல இருன்னுட்டாங்க. அந்த நேரத்துலதான் அக்காவும் அத்தானும் திருப்பரங்குன்றத்துல எங்க வீட்டுக்கே குடி வந்தாங்க. வந்த வாரமே என் ரூம்ல இருந்த மிசின் ஹாலுக்குப் போயிருச்சு. "பொதுவுல இருக்கட்டும் மாமா, எல்லாருக்கும் உபயோகப்படும்"னார் அத்தான். காலையில கடைக்குப் போற வரைக்கும் அவருக்கு. ராத்திரி வந்ததும் அவருக்கு. மத்தியானம் சாப்புட்டு எல்லாரும் கண்ணசர்ற நேரம் மட்டும் எனக்கு. அத விட்டா அந்த வீட்ல எனக்குன்னு ஒண்ணும் கெடையாது.

அந்த நேரத்துல நான் ஒரு விளையாட்டு விளையாடுவேன். சும்மா சுட்டுத் தள்ளுற விளையாட்டு இல்ல. ஒரு ஆள உருவாக்கி, அந்த ஆளா ஒரு பெரிய நாட்டுக்குள்ள நடந்து திரியணும். எங்க போறேன், எப்ப வாரேன்னு கேக்க அங்க ஆள் இல்ல. நம்ம ஊர்ல நான் தெருமுக்கு வரைக்கும் போகணும்னாலே ஆயிரம் கேள்வி.

இந்த மாதிரி விளையாட்டுக்கு வெளியாளுங்களும் புதுசு புதுசா செஞ்சு இணையத்துல போடுவாங்க. புது ஊரு, புது மழை, புது வீடு. அதுக்கு மோட்னு பேரு. யாரோ ஒரு புண்ணியவான் ஆத்தங்கரையில ஒரு வீடு கட்டிப் போட்டிருந்தான். படத்தப் பாத்ததும் எனக்கு வேணும்னு ஆகிருச்சு. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து இறக்கி, சீடி போட்டு வாங்கிட்டு வந்தேன். ஒரு பொண்ணு தனியா வந்து அம்புட்டு நேரம் என்னத்தப் பாக்குதுன்னு அந்த ஓனர் எட்டி எட்டிப் பாத்தான். பாத்துட்டுப் போறான்னு இருந்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டா வீடு வரல. வீடு இருக்க வேண்டிய இடத்துல மஞ்சக் கலர்ல பெரிய ஆச்சரியக்குறியா நிக்குது. சுவரோட படத்த மிசினால கண்டுபிடிக்க முடியல, அதான். சுருக்கி வச்சிருந்த மோடப் பிரிச்சு விரிச்சப்போ ஒரு போல்டருக்குள்ள இன்னொரு போல்டர் உட்கார்ந்திருந்துச்சு. வெளிய எடுத்துப் போட்டேன், சுவரு வந்துச்சு. அப்புறம் முன்னாடி போட்டிருந்த மழை மோடும் இந்த வீடும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. எது முதல்ல, எது அடுத்துன்னு வரிசை கொடுக்கணும். விளையாட்டத் தொறக்குற சின்ன புரோகிராம் ஒண்ணு, ஒரு டெக்ஸ்ட் பைலப் படிச்சுத்தான் எல்லாத்தையும் ஏத்தும். முதல் வரியில விளையாட்டோட மூலப் பைல் பேரு இருக்கணும், அதுக்குக் கீழ வரிசையா மோடுங்க. எந்த ஆளு துணையும் இல்லாம நானே அந்த வரிசைய எழுதி, ஆத்தங்கரை வீட்ட நிக்க வச்சேன்.

அதுக்கப்புறம் மாசக்கணக்கா அந்த வீட்லதான் குடியிருந்தேன். அலமாரி பூரா புத்தகம் அடுக்குனேன். ஜன்னல் ஓரமா விளக்கு வச்சேன். எந்த மூலையில எத வைக்கணும்னு நானே முடிவு பண்ணுனேன்.

ஒரு நாள் மத்தியானம் விளையாட்டு தொறக்கல. வரிசையப் படிக்க முடியலைன்னு ஒரு பெட்டி வந்து நிக்குது. ஒரு மோடக் கூட புதுசாப் போடல, முதநாள் நல்லாத்தான் ஓடுச்சு. ராத்திரி அக்காகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தது அத்தான் காதுல விழுந்துருச்சு.

"நான் அப்பவே நெனச்சேன் கொழுந்தியா. கண்ட கண்டதப் போட்டு மிசினக் கெடுத்துட்ட. வைரஸ் வந்துருச்சு. ஞாயித்துக்கெழம ஆள வரச்சொல்லி பார்மேட் அடிச்சிருவோம்."

பார்மேட்னா மிசின்ல இருக்குற அம்புட்டையும் வழிச்சுத் துடைக்குறது. என் ஆளு, என் வீடு, அத்தன மாசமும் போயிரும். வைரஸ் இல்ல அத்தான், ஞாயித்துக்கெழமைக்குள்ள நானே சரி பண்றேன்னேன். "பாப்போம்"னு சிரிச்சார்.

அந்த வாரம் நான் தலகீழா நின்னேன். மோடுங்கள ஒவ்வொண்ணா வெளிய எடுத்துப் பாத்தேன், தொறக்கல. விளையாட்டையே தூக்கிட்டு மறுபடி போட்டுப் பாத்தேன், அதே பெட்டி. மறுபடி போட்டாலும் நான் எழுதுன பைல் அழியாம அங்கயே கெடக்கும்னு எனக்கு உறைக்கல. நான் எழுதுனது, சரியா எழுதுனது, அத எதுக்குத் தொறந்து பாக்கணும்னு இருந்துட்டேன். ஒரு நாள் மிசின் முன்னாடி தரையில உட்கார்ந்து அழுதேன். அக்காதான் காபி போட்டுக் கொண்டாந்து கொடுத்து, தலையத் தடவி விட்டுட்டுப் போனா.

கடைசியில சனிக்கெழம காலையில மறுபடி அந்த பிரவுசிங் சென்டருக்கே போனேன். மோட் போடுறவங்க கூடிப் பேசுற பக்கத்துல அந்த வாரம் ஒருக்கா வந்தப்பவே கேட்டு வச்சிருந்தேன். ஊரு பேரு தெரியாத ஒருத்தன் பதில் போட்டிருந்தான். வேற ஒண்ணையும் தொடாத, அந்த டெக்ஸ்ட் பைலத் தொறந்து முதல் வரியப் பாருன்னு.

வீட்டுக்கு வந்து தொறந்தேன். முதல் வரியில 2. அதுக்குக் கீழ ஒரு சமக்குறி. அதுக்கும் கீழதான் நான் எழுதுனது.

யாரு வேலைன்னு கேக்கவே வேண்டாம். எழுத ஆரம்பிக்கும்போது உ போட்டுக் கீழ ரெண்டு கோடு இழுக்குறது எல்லாரும் செய்றதுதான், பரீட்சைப் பேப்பர்ல நானும் போட்டிருக்கேன். அத்தான் அந்தப் பிள்ளையார் சுழியக் கம்ப்யூட்டருக்கும் கொண்டு போயிட்டார். கீபோர்டுல உ இல்லைன்னு ஒரு 2, ரெண்டு கோட்டுக்கு ஒரு சமக்குறி. கடை விலைப்பட்டியல்லேர்ந்து கரண்டு பில் கணக்கு வரைக்கும் அவர் கை வச்ச எந்தப் பைலத் தொறந்தாலும் தலையில அது இருக்கும். மூலப் பைல் பேரத் தேடிப் போன புரோகிராம் பிள்ளையார்ல முட்டிக்கிட்டு நின்னுருச்சு. ரெண்டு வரியையும் அழிச்சேன். விளையாட்டு தொறந்துச்சு. என் வீடு அப்படியே இருந்துச்சு.

ஞாயித்துக்கெழம மாப்பிள்ளைக்குன்னு அம்மா கறி வாங்கி வச்சிருந்தாங்க. மிசின் அசெம்பிள் பண்ணிக் கொடுத்த கடைக்காரர் பையோட வந்துட்டார். "அண்ணே, பார்மேட் வேண்டாம், சரியாயிருச்சு"ன்னேன். தொறந்தும் காட்டுனேன். எப்படிச் சரியாச்சுன்னு அவர்தான் கேட்டார், சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார் மனுசன். அத்தான் மூஞ்சி செவந்து போச்சு.

"பிள்ளையார் சுழி போட்டது ஒரு குத்தமா? சாமியப் போட்டா நின்னு போகுதுன்னா அப்ப அது என்ன கருமம்? இந்த வீட்டு மிசின்ல அது இருக்கக் கூடாது. அண்ணே, நீங்க அடிங்க."

நான் அப்பாவப் பாத்தேன். எனக்குன்னு வாங்குன மிசின், அவர் ஒரு வார்த்த சொன்னாப் போதும். அவர் பேப்பர மடிச்சு வச்சார். "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். விடு பாப்பா, விளையாட்டுத்தான"ன்னார். மாப்பிள்ளை மூஞ்சி சுருங்கக் கூடாது, அம்புட்டுத்தான் அந்த வீட்டுச் சட்டம். என் மூஞ்சி என்ன ஆனா என்ன.

என் வீட்ட மட்டும் தனியா ஒரு சீடியில எடுத்துக்கிறேன்னு கேட்டேன். வைரஸும் கூடவே வந்துரும்னார் அத்தான். இல்லைன்னு கடைக்காரருக்கும் தெரியும். ஆனா வாடிக்கைக்காரர் அவரு, நான் இல்ல. வாயத் தொறக்காம சீடியச் சொருகுனார். திரையில ஒரு கோடு மெதுவா நகர ஆரம்பிச்சுச்சு. கறிக்கொழம்பு வாசம் ஹால் பூரா அடிக்குது, அத்தான் கை கழுவப் போயிட்டார். நான் அந்தக் கோடு முடியிற வரைக்கும் அசையாம நின்னேன்.

சாயங்காலம் அடுப்படியில பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். அக்கா பக்கத்துல வந்து நின்னா.

"மனசுல வச்சுக்காதடி. அவர் வேணும்னே கெடுக்கணும்னு பண்ணல. அந்த விளையாட்டு வீட்ட எடுத்துவிட்டா நீ மிசின்ல உட்கார மாட்டேன்னு நெனச்சு அந்தப் பைலத் தொறந்தாரு. என்னமோ அடிச்சுப் பாத்தாரு, எடுக்கத் தெரியல, மூடிட்டாரு."

பாத்திரத்த வச்சுட்டுத் திரும்புனேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துலதான் நின்னேன்."

"அப்ப வாரம் பூரா உனக்குத் தெரியும்."

"சொன்னா எனக்கும் அவருக்கும் சண்டையாகும். உனக்கு வெறும் விளையாட்டுத்தானடி"ன்னா.

மிச்சப் பாத்திரத்தையும் கழுவி கவுத்திட்டு வந்து படுத்துட்டேன். அத்தான் மேல இருந்த ஆத்திரம் அன்னையோட பாதி இறங்கிப் போச்சு. அந்தாளுக்கு அந்தப் பைலும் தெரியாது, என்னையும் தெரியாது. அக்காவுக்கு என்னையத் தெரியும்.