பிரெஞ்சுக்குள் ஆள் தள்ளும் வேலை

நீச்சல் கற்றுத் தருவதாகச் சொல்லி ஆளைக் கிணற்றில் தள்ளிவிட்டு, மேலே நின்று கைதட்டுகிற தொழில் என்னுடையது. கிணறு இருப்பது பிரான்ஸில். நான் இருப்பது டெல்லி கோல் மார்க்கெட்டில், ஒரு மிட்டாய்க் கடையின் மாடியில். மத்திய அரசிலிருந்து ஓய்வு பெற்றதும் இந்த ஏஜென்சியில் ஆலோசகர் நாற்காலி கிடைத்தது. பிரெஞ்சு தெரிந்தால் கனடாவுக்குக் குடியேற வழி பிறக்கும் என்று வருகிறவர்களை, பிரான்ஸில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு நாலு வாரம் அனுப்புவோம். காலையில் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் வாசம். பிரெஞ்சைத் தவிர எதுவும் பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

நான் பிரான்ஸ் போனதில்லை. கேட்பவர்களிடம், அங்கே ஓர் ஊரில் என்னை மேயராக நிற்கச் சொன்னார்கள், வெயில் போதாது என்று மறுத்துவிட்டேன் என்பேன். அதை நம்புகிறார்கள். "கிணற்றில் தனியாகக் குதியுங்கள்" என்றால் மட்டும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பதில் சொல்லியே தேய்ந்தவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

துணையோடு மூழ்குவது

மோதி பாக் அரசுக் குடியிருப்பிலிருந்து வைத்தியநாதன் வந்தார், மகளை அனுப்ப. படிவத்தைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை என்றார்: அதே வீட்டில், அதே அறையில், இன்னொரு தமிழ்ப் பெண் இருக்க வேண்டும். முடிந்தால் மோதி பாக் பெண்ணாகவே.

தமிழ் பேசவே கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவு தூரம் அனுப்புகிறோம் என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார்: "பாஷை தெரியாத ஊர்ல அவ தனியா என்ன பண்ணுவா ஸார்? முதல்ல பிரெஞ்சு வரட்டும், அப்புறம் தனியா அனுப்பறேன்."

விதித் தளர்வு

அடுத்தவர் சுடலைமுத்து. திருநெல்வேலிக்காரர், அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், கனடாவில் இருக்கும் மகனோடு போய்ச் சேரப் புறப்பட்டார். உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால், வீட்டுக்கு எடுத்துப் போய் மறுநாள் பச்சை அட்டை போட்ட ஒரு கோப்போடு வந்தார். உள்ளே பத்தி பத்தியாக எண் போட்ட குறிப்பு. மனைவியோடு தினமும் போனில் பேசத் தளர்வு. சாமி கும்பிடத் தளர்வு. தூக்கத்தில் உளறினால் அது மீறலாகக் கருதப்படாது என்று விளக்கம். கடைசியில் "உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று எழுதி, நான் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்.

முப்பது வருஷம் இதே மாதிரிக் கோப்பைப் பார்த்துப் பார்த்து என் கை பழகிப்போயிருந்தது. தடுப்பதற்குள் "ஒப்புதல்" என்று எழுதிவிட்டது. ஏன் ஓய், விதிப்படி ஒரு நாலு வாரம் இருந்தால் என்ன என்று கேட்டேன். கோப்பை வாங்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்: "விதின்னு ஒண்ணு இருந்தா தளர்வும் இருக்கணும்லா வே, இல்லைன்னா அதை யாரு மதிப்பா?"

நாற்காலிக்கு வந்த கடிதம்

நடக்க வேண்டியது நடந்தது. நாங்கள் அனுப்பிய மூன்று கூட்டமும் கடைசித் தேர்வில் தோற்றன. வைத்தியநாதன் மகள் பிரான்ஸில் ஒரு குஜராத்திப் பெண்ணைச் சிநேகம் பிடித்து, இந்தியை மெருகேற்றிக்கொண்டு திரும்பினாள். பள்ளித் தலைவி மதாம் கொலெத் கடிதம் எழுதினார்: அடுத்தவரும் தோற்றால் உங்களோடு ஒப்பந்தம் கிடையாது.

என் முதலாளி சச்தேவ் நல்ல பஞ்சாபி. கோபத்தில்கூட டீ வரவழைப்பார். இந்த நாற்காலி போனால் எனக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். டெல்லிக் குளிரில் என் மனைவி சரஸ்வதி பச்சைப் பட்டாணியைக் கோணிக் கணக்கில் வாங்குவாள். வீட்டில் சும்மா இருக்கும் ஆண்பிள்ளைதான் உரிக்க வேண்டும். சச்தேவ் டீயை என் பக்கம் நகர்த்தினார்: "இன்னும் ஒரு ஆள், அங்கிள் ஜி. அதுவும் ஃபெயில்னா, கல் ஸே ஆப் கர் மே மட்டர் சீலோ."

நாளையிலிருந்து வீட்டில் பட்டாணி உரி என்று அர்த்தம்.

கடைசி அஸ்திரம்

பெயர் கொடுத்திருந்தவர்களில், மந்திர் மார்க் பக்கம் குடியிருந்த பங்கஜம் மாமியைத் தேர்ந்தெடுத்தேன். தஞ்சாவூர்; ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூட டீச்சர்; பேசாமல் இருந்தால் மூச்சு முட்டும். பேச ஆளில்லாமல் பிரெஞ்சு பேசித்தானே ஆக வேண்டும்? துணை கிடையாது, தளர்வு கிடையாது. மதாம் கொலெத் தனியாக இருப்பவர். அவர் வீட்டிலேயே தங்க வைத்தேன்.

நாலு வாரம் கழித்து ஒரு மத்தியானம் வீடியோ அழைப்பு. மதாம் தனியாக உட்கார்ந்திருந்தார், நெற்றியில் சாந்துப் பொட்டு. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பிரெஞ்சு வணக்கத்தை ஆரம்பித்தேன். கையமர்த்தினார். டீச்சரின் கண்ணில் எதிரே யார் உட்கார்ந்தாலும் மாணவிதான் என்பதை நான் யோசிக்கவில்லை. மதாம் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "மாமிக்கு பிரெஞ்சு வரலை ஸார், எனக்குத் தமிழ் வந்துடுத்து, என்ன பண்றது சொல்லுங்கோ."

தமிழ் வீடு தேவை

நாற்காலி போயிற்று என்று நினைத்தேன். மதாம் வேறு கணக்குப் போட்டார். தமிழை முழுசாகக் கற்க டெல்லிக்கே வருகிறாராம். தமிழ் மட்டும் பேசுகிற ஒரு வீட்டில் நாலு வாரம் தங்க வைத்தால், ஒப்பந்தத்தைப் பற்றி யோசிப்பாராம்.

பங்கஜம் மாமி பிரான்ஸிலிருந்து வந்த கையோடு தஞ்சாவூர் போய்விட்டாள். இது ஒரு பெரிய விஷயமா என்று வைத்தியநாதனிடம் போனேன். எங்காத்துல சுத்தத் தமிழ்தான் என்று மார் தட்டினார். தட்டி முடிப்பதற்குள் மகள் உள்ளேயிருந்து, எனக்கு டீ வேண்டுமா என்று இந்தியில், "அப்பா, அங்கிள் சாய் பியேங்கே க்யா?" என்றாள். "ஹான், ஜல்தி லாவோ" என்றார் இவர். நான் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சமும் அசரவில்லை: "அது பேச்சு இல்லை ஸார், டீ. பேசறதெல்லாம் தமிழ்லதான்."

இப்படிப் பதினோரு வீடு ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் தமிழ், எல்லா வீட்டிலும் டீ.

என் வீடு

வேறு வழியில்லாமல் மதாமை என் வீட்டுக்கே அழைத்து வந்தேன். தமிழைத் தவிர எதுவும் பேசமாட்டேன் என்று மனைவி, மகன், கல்லூரிப் பேரன் மூவரிடமும் உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கி, நானும் போட்டேன். அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. பேரன் உப்பு வேண்டுமென்றால் விரலைக் காட்டினான். மகன் எல்லாவற்றுக்கும் "ம்" என்றான். நான் ஒருவன்தான் தமிழை வளர்த்தேன். மூன்றாம் நாள் கூரியர்க்காரனோடு சுத்த இந்தியில் சண்டை போடும்போது மதாம் பின்னால் நின்றிருந்தார்.

கடைசியில் மதாம் கூடத்தில் சரஸ்வதியோடும் வேலைக்காரி சுனிதாவோடும் உட்கார்ந்து பட்டாணி உரிக்க ஆரம்பித்தார். சுனிதா அலிகர்க்காரி, இந்தி தவிர வேறு தெரியாது, வாய் ஓயாது. இரண்டே வாரத்தில் மதாம் அவளுக்குச் சமமாக இந்தியில் அரட்டை அடித்தார். இது நியாயமா என்று மனைவியிடம் கத்தினேன். அவள் பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இந்த வீட்ல கையெழுத்துப் போடாதவ அவ ஒருத்திதாங்க, அதான் வாயைத் திறக்கறா."

தீர்ப்பு

மதாம் ஊர் திரும்பியதும் கடிதம் வந்தது. சச்தேவ் அதைப் படித்துக் காட்டும்போது, அவருடைய மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றே கேட்டேன், உட்காரத் துணிவில்லை. உங்கள் ஆட்களைச் சோம்பேறிகள் என்று நினைத்தேன், ஆலோசகர் வீட்டிலேயே நாலு வாரம் இருந்து, அவரே கையெழுத்துப் போட்ட பாஷையில் நிற்காததைப் பார்த்தபின் அவர்கள் மேல் குற்றமில்லை என்று புரிந்தது, ஒப்பந்தம் இன்னும் ஓராண்டுக்கு நீடிக்கட்டும் என்று எழுதியிருந்தார்.

அவமானத்தில் என் காது சுட்டது. சச்தேவ் நாற்காலியைத் துடைத்து என் பக்கம் தள்ளினார்: "பைட்டியே, அங்கிள் ஜி. இந்த லெட்டரை ஃப்ரேம் போட்டு மாட்டலாமா?"

ஆக, பிரெஞ்சு கற்கப் போனவள் தமிழ் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள், தமிழ் கற்க வந்தவள் இந்தி கற்றுக்கொண்டு போனாள், மூன்று பாஷையிலும் வாங்கிக் கட்டிக்கொண்டு நாற்காலியைக் காப்பாற்றியவன் நான் ஒருவன்தான்.