கூட்டைக் கழற்றிய துப்பாக்கி

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கறுப்புத் துப்பாக்கி அது. என் மூத்த சகோதரியை, எங்கள் வழக்கப்படி லாத்தாவை, மணந்த மச்சான் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பசுந்தாங் பகுதியில் நாங்கள் குடியிருந்த மாடிக்கு ஏறிவந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் ரங்கூன். மச்சான் மாணிக்கக் கல் தரகர். நான் அவருக்குத் துணையாகத் தொழிலில் சேர்ந்திருந்தேன். அலோன் படகுத்துறையருகே திருடர்கள் இன்னொரு தரகரைக் குத்திப்போட்டுக் கற்களைப் பறித்துப்போன பிறகு, அனுமதி வாங்கி மச்சான் ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். அது கோட்டுப் பையில் துருத்திக்கொண்டு நின்றது. அதே வகையில் திருத்திச் செய்த புது மாதிரி வந்திருப்பதாகச் சொல்லி, பார்த்துவிட்டு வாங்கும்படி கடைக்காரர் இந்தக் கறுப்புத் துப்பாக்கியைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

கனம் தெரிய வேண்டும் என்று இரண்டிலும் தோட்டா போட்டார் மச்சான். முதலில் பழையதைப் பையில் வைத்துக் கூடத்தில் நடந்தார்.

"தெரியுதா?"

"தெருக்கோடியில நிக்கிறவனுக்கும் தெரியும்" என்றாள் லாத்தா.

புதியதை வைத்து நடந்தார், குனிந்தார், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார். கோட்டு ஒரு பக்கமும் இழுக்கவில்லை. சட்டென்று கையை விட்டு எடுத்தார். துணியில் மாட்டாமல் வந்தது. லாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வீட்டுக்குள்ள இது வேணாங்க."

"பயப்படாத புள்ள. இதுல ஒரு பாதுகாப்பு வச்சிருக்கான்." கைப்பிடிக்குள் இருந்த தோட்டாக் கூட்டை உருவிவிட்டு, சுவரைப் பார்த்து விரலால் துப்பாக்கிக் குதிரையை இழுத்தார். அசையவில்லை. கூட்டைக் கழற்றினால் புது மாதிரி சுடாது. பழையதையும் எடுத்து, அதன் கூட்டையும் உருவினார். அதில் அந்தப் பாதுகாப்பு இல்லை. குழலுக்குள் ஒரு தோட்டா ஏற்கெனவே ஏறியிருந்ததை அவர் மறந்துவிட்டார். எனக்கும் தோன்றவில்லை. குதிரையை இழுத்தார்.

வெடித்தது. மரச்சுவரில் சின்னதாக ஓர் ஓட்டை. அதன் வழியே பக்கத்து வீட்டு வெளிச்சம் தெரிந்தது. அந்த வீட்டில் ஒரு பர்மியப் பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். குழந்தையின் தொட்டில் அந்தச் சுவரோரம்தான் தொங்கும். நாங்கள் மூவரும் ஒரு சத்தத்துக்காகக் காத்து நின்றோம். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. லாத்தாதான் முதலில் ஓடினாள். துப்பாக்கியை மச்சானின் விரல்களிலிருந்து நான்தான் பிரித்தெடுத்தேன்.

கதவைத் திறந்த பர்மியப் பெண்ணின் இடுப்பில் குழந்தை இருந்தது. அடுப்படியில் அதற்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாளாம். தொட்டில் துணியைத் துளைத்த குண்டு எதிர்த் தூணில் பதிந்திருந்தது. துணியை விரித்துப் பார்த்தவள், குழந்தையை இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மச்சான் வாசலிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இரண்டையும் அன்றே கடையில் கொடுத்தார். கடைக்காரர் விடவில்லை. "இதுக்காகத்தானே, பாய், மாத்திச் செஞ்சிருக்கான்? புதுசா இருந்தா வெடிச்சிருக்காதே!"

"நீங்க சொல்றது சரி. ஆனா என் கைக்கு எது புதுசு, எது பழசுன்னு தெரியலையே" என்றார் மச்சான்.

அதன் பிறகு கற்களோடு தனியே போவதில்லை. நாங்கள் இருவராகவே போனோம். ஒருமுறை இன்சீன் ரயிலில் இரண்டு பேர் எங்கள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மச்சானின் கை கோட்டுப் பைக்குள் போய், வெறுமையாக வெளியே வந்து, என் மணிக்கட்டைப் பற்றியது. "எழும்பு, கூட்டத்தோட இறங்கிருவோம்." சந்தை நெரிசலுக்குள் நுழைந்தோம். அவர்கள் பின்தொடர்ந்தார்களா, தெரியாது. அன்றைய மச்சானைவிட எனக்கு இன்று வயது அதிகம், அவர் இப்போது இல்லை. அன்று வீடு வந்து சேரும்வரை அவர் என் மணிக்கட்டை விடவேயில்லை.