அடியில் புட்டிங், மேலே கோப்பி

என் தங்கை பதினேழு வருடம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். தொழிற்சாலை வேறு மாநிலத்துக்கு மாறிப்போனபோது அவளுக்கு வயது நாற்பத்தாறு. நான்கு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். இரண்டு இடங்களில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாவது இடத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், "ஆன்ட்டி, மகளுக்குத் துணையா வந்தீங்களா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு எங்கும் விண்ணப்பம் போடவில்லை. கோப்பி போட்டு விற்க ஆரம்பித்தாள்.

அந்தக் கோப்பியை முதலில் அவள் குடித்தது கோலா சிலாங்கூர் டவுனில், இளைஞர்கள் கூடும் ஒரு கடையில். குவளையின் அடியில் கேரமல் புட்டிங், அதன் மேல் ஐஸ், அதற்கு மேல் கோப்பி. பாதி குடித்துவிட்டு என்னிடம் தள்ளினாள்.

"புட்டிங் நல்லாருக்கு அண்ணே. கோப்பிதான் கோப்பி மாதிரியே இல்ல. நம்ம தூள்ல போட்டா எப்படி இருக்கும் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் ஒரு தமிழ் நாளிதழில் பிழை திருத்தும் மேசையில் இருந்து ஓய்வு பெற்றவன். அவள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். எங்கள் தாமான் முன்பு செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் கட்டிய குடியிருப்பு. அவள் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், பகலில் வீட்டில் இருக்க மாட்டார். ஆகவே சாமான் வாங்கி வருவதும் ருசி பார்ப்பதும் என் பொறுப்பாயின.

அவள் செய்யும் முறை இது. குலா மலாக்கா என்னும் தென்னைவெல்லத்தைச் சீவி, மணத்துக்குப் பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு அதோடு சேர்த்துக் கரைப்பாள். அதில் பாலை ஊற்றி, ஜெலட்டின் தூளைக் கலந்து, குவளைகளில் மூன்று விரல் உயரத்துக்கு ஊற்றி ஐஸ்பெட்டியில் வைப்பாள். உறைந்ததும் ஐஸ் போடுவாள். சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்த எங்கள் ஊர்த் தூளைத் துணிச் சல்லடையில் கொட்டி, கொதிநீரை இரண்டு முறை இறக்கி, ஆறவைத்து மேலே விடுவாள். கடைசியில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு. தடித்த ஸ்ட்ரோவில் உறிஞ்சினால் முதலில் கசப்பு வரும், பிறகு புட்டிங் வழுக்கிக்கொண்டு வரும்.

தாமானில் பத்துப் பதினைந்து வீடுகளில் கோப்பி வாங்கினார்கள். அவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். தெரிந்தவர்கள் வாங்குவது தன் மேல் இரக்கப்பட்டா, கோப்பிக்காகவா என்று அவளுக்குச் சந்தேகம் இருந்தது. அதனால்தான் டீச்சர் வந்த சனிக்கிழமை அவளுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது.

டீச்சர் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சுங்கை புரோங்கில் வயலோரம் வீடு. மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார். யாரோ சொல்லி, அறுபது குவளை கேட்கலாமா என்று ருசி பார்க்க வந்தார். எங்கள் குடும்பத்தோடு எந்தப் பழக்கமும் இல்லாதவர். முதல் வாய் உறிஞ்சியதும் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இனிப்பு அளவா இருக்கு. யார்கிட்ட கத்துக்கிட்டம்மா?"

"நானாதான் டீச்சர்."

"நம்பிட்டேன்."

முழுக் குவளையையும் குடித்தார். அறுபது என்று உறுதி சொல்லிவிட்டுப் போனார். தங்கை வாசல் கதவைச் சாத்திவிட்டு, கதவிலேயே சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள்.

நான் சமையல் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அறுபது குவளைக்கு எத்தனை பொட்டலம் ஜெலட்டின் வேண்டும் என்று பார்க்கப் பொட்டலத்தைத் திருப்பினேன். பின்பக்கம் அளவு விவரம் இருந்தது. அதற்குக் கீழே, சேர்மானம் என்ற இடத்தில், பொடி எழுத்தில் மலாயில் ஒரு சொல்: லெம்பு. மாடு.

நான் வாங்கி வந்த பொட்டலம்தான் அது. வாங்கும்போது இரண்டு விஷயம் பார்த்தேன்: காலாவதித் தேதி, வட்டமான ஹலால் முத்திரை. தீபாவளிக்கு எல்லாரையும் வீட்டுக்கு அழைக்கும் திறந்த இல்லத்துக்கு மலாய் முஸ்லிம் நண்பர்கள் வருவார்கள், அவர்களுக்கு ஆகாத எதுவும் வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்பதால் எங்கள் வீடுகளில் கேக் சாமான், சாஸ், பிஸ்கட் எதை எடுத்தாலும் விரல் முதலில் அந்த வட்டத்தைத் தேடும். வட்டம் இருந்தால் பொருள் சரி. விருந்தாளிக்குச் சரியாக இருப்பது எங்களுக்கும் சரியாக இருக்கும் என்று யோசிக்காமலே எடுத்துக்கொண்டோம். ஜெலட்டின் என்ன என்றும் நாங்கள் கேட்டதில்லை. தீபாவளிக்கு அகார் அகார் காய்ச்சாத வீடு எங்களில் இல்லை. அது கடல்பாசி. ஜெலட்டினும் அதில் ஒரு வகை, தூளாக வருகிறது என்று நினைத்திருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் ஆடு, கோழி, மீன் எல்லாம் உண்டு. மாடு கிடையாது. டீச்சர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

பொட்டலத்தை அவளிடம் நீட்டினேன். படித்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எலும்பா, தோலா?"

"ரெண்டும் இருக்கலாம்."

"நானும் மூணு வாரமா குடிச்சிருக்கேன். நீங்களும் குடிச்சிருக்கீங்க." பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, "தாமான்ல எல்லாரும்" என்றாள்.

இதில் நான் சொன்ன யோசனையை மறைக்க விரும்பவில்லை. நாளிதழில் தவறு போய்விட்டால் மறுநாள் உள்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில், இரண்டு வரி திருத்தம் போடுவோம். பல சமயம் அதுவும் போட மாட்டோம். அடுத்த செய்தியைச் சரியாகப் போடுவோம். அந்தப் பழக்கத்தில், அறுபதையும் அகார் அகாரில் செய்துவிடலாம், டீச்சரிடம் சொல்ல வேண்டியதில்லை என்றேன். குடித்தது குடித்ததுதான். சொன்னால் அவருக்கும் சங்கடம், ஆர்டரும் போய்விடும்.

"இது பேப்பர் இல்ல அண்ணே" என்றாள். "அவங்க வயித்துல இருக்கு."

"சொன்னா மட்டும் வெளிய வந்துடுமா?"

"வராது. ஆனா நிச்சயத்தன்னிக்கு அவங்க முன்னால நின்னு நான் ஊத்தணும். எனக்குக் கை வராது லா."

தாமான் வீடுகளுக்கு அன்று மாலையே வாட்ஸப்பில் தெரிவித்தாள். மூன்று வீட்டில் பதிலே இல்லை. ஒரு வீட்டில் கோபப்பட்டார்கள். ஒருவர் மாட்டிறைச்சி பர்கரே சாப்பிடுகிறவர், பரவாயில்லை என்று எழுதினார். டீச்சருக்குச் செய்தி அனுப்ப அவள் சம்மதிக்கவில்லை. ஞாயிறு காலை நான் காரை எடுத்தேன். தஞ்சோங் காராங் தாண்டினோம். வயலில் நாற்று பச்சை கட்டியிருந்தது. வாய்க்கால் ஓரத்தில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். "கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க" என்றாள். நான் ஏற்கெனவே மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தங்கை உட்காரவில்லை. நின்றபடியே பொட்டலத்தைக் காட்டி, என்ன நடந்தது, எப்போது தெரிந்தது என்று வரிசையாகச் சொல்லி முடித்தாள். மன்னிப்பைக் கடைசியில் வைத்தாள். என் மேசைக்கு அப்படி ஒரு செய்தி வந்திருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

டீச்சர் உள்ளே போனார். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது டீச்சர்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டலத்தைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க பேப்பர்ல பிழை பாத்தவர்னு சொன்னாங்க. ஒற்று விட்டுப்போயிருந்தா கண்டுபிடிப்பீங்க. மாடு கண்ணுல படலையா?"

"படலைங்க டீச்சர்."

"சரி, இதைச் சொல்லுங்க. மார்ஷ்மெல்லோன்னு ஒன்னு இருக்கே, பஞ்சு மாதிரி. அதுல என்ன?"

பெரும்பாலும் இதேதான் என்றேன்.

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். "வாய்ப்பாடு ஒப்பிச்ச பிள்ளைங்களுக்கெல்லாம் அதைத்தான் குடுப்பேன். எத்தனை வருஷம். அதுல ஒருத்தன் இப்ப கோயில் தலைவரா இருக்கான்."

முதலில் சிரித்தது அவர்தான். தங்கைக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. "உட்காரும்மா" என்றார் டீச்சர். "எனக்கு மனசுக்குச் சங்கடமாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆர்டரை இப்ப நிறுத்தி வைக்கிறேன். அடுத்த ஞாயிறு சரியா செஞ்சு கொண்டா. நல்லா இருந்தா வாங்கறேன். பாவம் பாத்து வாங்க மாட்டேன்."

திரும்பும் வழியில் அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அடுப்பு அகார் அகாருக்கு. திங்கள்கிழமை செய்தது பள்ளிக்கூட ரப்பர் போல இருந்தது. ஸ்ட்ரோவுக்குள் ஏற மறுத்தது. செவ்வாய் தூளைப் பாதியாகக் குறைத்தாள். உறையாமல் கோப்பியோடு கலந்து சேற்று நிறமானது. புதன் உறைந்தது, ஆனால் பல்லில் நறுக்கென்று உடைந்தது. "புட்டிங்னா ஆடணும் அண்ணே. இது சண்டைக்கு நிக்குது" என்றாள்.

வியாழக்கிழமை பாலைத் தவிர்த்துவிட்டுத் தேங்காய்ப்பாலை வெல்லத்தோடும் அகார் அகாரோடும் ஒன்றாகக் காய்ச்சினாள். கொதிக்கும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. கொடியில் இருந்த துணிகளை எடுக்க ஓடினாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் வந்தபோது தேங்காய்ப்பால் திரிந்து, எண்ணெய் பிரிந்திருந்தது.

"போச்சு" என்றாள். கொட்ட மனம் வராமல் குவளைகளில் ஊற்றி ஓரமாக வைத்துவிட்டு, துணி மடிக்கப் போனாள்.

மழை விட்டபிறகு பார்த்தோம். குவளைக்குள் அது இரண்டாகப் பிரிந்து உறைந்திருந்தது. அடியில் வெல்லத்தின் பழுப்பு, கண்ணாடி போலத் தெளிவாக. மேலே வெள்ளையாகத் தேங்காய்ப்பால். இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரு விளிம்பு. வெள்ளைப் பகுதி மென்மையாக இருந்தது, பழுப்பு கொஞ்சம் விறைப்பு. ஸ்ட்ரோவில் வராது. கரண்டியால் எடுத்து, கூடவே ஒரு வாய் கோப்பி குடித்தாள். எனக்கு ஒரு கரண்டி நீட்டினாள்.

நான் இரண்டாவது கரண்டிக்குக் குவளையை என் பக்கம் இழுத்தேன். அவள் விடவில்லை.

"ஸ்ட்ரோ வேணாம்" என்றாள். "கரண்டி குடுப்போம். இதைத் திங்கவும் செய்யணும், குடிக்கவும் செய்யணும்."

வெள்ளியும் சனியும் வேண்டுமென்றே திரியவைத்துப் பழகினாள். எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்பதைக் கைப்பேசிக் கடிகாரம் வைத்து எழுதிக்கொண்டாள். ஒரு குவளையை மேசைமேலேயே மதியம் முழுக்க விட்டுப் பார்த்தாள். அந்த வெயிலுக்கு ஜெலட்டின் என்றால் இளகி ஓடியிருக்கும். இது அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் குவளையைத் தொடுமுன் அகார் அகார் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி, நான்கு பக்கமும் படித்தார். பிறகு கரண்டியை எடுத்தார். மகளைக் கூப்பிட்டு அவளுக்கும் கொடுத்தார். இருவரும் சாப்பிட்டார்கள். தங்கை அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள்.

"கோப்பி ருசி தூக்கலா இருக்கு" என்றாள் மகள்.

"அறுபது பத்தாது" என்றார் டீச்சர். "மாப்பிள்ளை வீட்டுல இருந்து வேன் போட்டு வர்றாங்க. எண்பது."

நிச்சயதார்த்தம் அவர்கள் வீட்டு வாசலில், கூடாரம் போட்டு நடந்தது. எண்பது குவளையையும் மீன்பெட்டிகளில் ஐஸ் பரப்பி, சாயாமல் கொண்டுபோனோம். கோப்பியை அங்கேயே ஊற்ற வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். தட்டு மாற்றி முடிந்ததும் ஆட்கள் மேசைக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, கோலா குபு பாருவில் இருந்து வந்தவர், குவளையை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு, "இதுல என்னென்ன போட்டிருக்கு? நான் எல்லாத்தையும் சாப்பிட மாட்டேன்" என்றார்.

தங்கை கூஜாவைக் கீழே வைத்தாள். தென்னைவெல்லம், தேங்காய்ப்பால், கடல்பாசி, பாண்டான் இலை, உப்பு, சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த கோப்பித்தூள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். குரல் நிதானமாக இருந்தது. அந்த அம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுக் கையை நீட்டினார். தங்கை ஊற்றினாள். சிந்தவில்லை.

சிறிது நேரத்தில் அவர் திரும்பி வந்து, கணவருக்கு ஒன்று வேண்டும் என்றும், மகன் புது வீட்டில் குடிபுகுகிறான், அவ்வளவு தூரம் வருவாயா என்றும் கேட்டார். தங்கை யோசிக்காமல் வருவேன் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கரண்டி முடியப்போகுது அண்ணே, கடைக்கு ஓடுங்க" என்றாள்.